அடினோசின் இல்லாத அந்தமான்

டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இயக்குநராகப் பொறுப்பேற்ற பிறகு, போர்ட் பிளேரின் பத்துபஸ்தி பகுதியில் இருக்கும் தீவு உயிர்மருத்துவ உயராய்வு மையம் இரண்டு நோய்களை ஒழித்திருந்தது. முதலாவது பனிக்கடி. பனியே விழாத அந்தமானில் பனிக்கடியால் விரல் இழந்தவர் ஒருவர்கூட இல்லை என்று வீடுவீடாகக் கணக்கெடுத்து நிரூபித்து, அதற்காக டெல்லிக்குப் போய்க் கேடயம் வாங்கி வந்தார். அடுத்தது, பனிமலை உச்சிக்கு ஏறுகிறவர்களுக்கு வரும் மூச்சுத்திணறல். அதையும் தீவுகளிலிருந்து அடியோடு விரட்டினார். அதற்கும் ஒரு கேடயம் வந்தது.

மூன்றாவதாக ஒழிப்பதற்கு நோய் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் சந்திரமதி அவர் கண்ணில் பட்டாள்.

சந்திரமதி ஹேடோவில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வளர்ந்ததெல்லாம் துறைமுகக் குடியிருப்பில். சென்னையிலும் பிறகு வெளிநாட்டிலும் படித்துவிட்டு, “மெயின்லேண்டிலேயே இருந்திருக்கலாமே” என்று எல்லோரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஊர் திரும்பியவள். மையத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான் என்று சொன்னால் மற்றவர்கள் வருத்தப்படுவார்கள். அவர்களும் ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவள் ஆராய்ந்தது அடினோசின் என்ற பொருளை. உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கிறது. ஒரு செல் களைத்துப்போனாலோ மூச்சு முட்டினாலோ அதை வெளியே விடும். ‘என்னால் முடியவில்லை, கொஞ்சம் மெதுவாகப் போகலாம்’ என்று அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அது காட்டும் சைகை. அந்தச் சைகை மூளைக்கு எட்டினால் தூக்கம் வரும். இதயத்துக்கு எட்டினால் துடிப்பு தணியும். ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் சில உறுப்புகள் கெட்டும் போகும். இது எப்போது மருந்தாகிறது, எப்போது நோயாகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி.

அந்தக் கேள்விக்காக ரத்தம் கொடுத்தவர்களில் சொர்ணம்மாவும் ஒருத்தி. ஹேடோ துறைமுக வாசலில் இட்லிக்கடை வைத்திருந்தாள். அவளுக்கு அவ்வப்போது இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே கையில் ஒரு ஊசி போடுவார்கள். ஊசிக்குள் இருப்பது அடினோசின். அது இதயத்தை ஓரிரு நொடி நிறுத்தி, மறுபடி ஒழுங்காக ஓடவிடும்.

“ஒரு தடவ செத்துட்டு வர்ற மாதிரி இருக்கு மதி,” என்பாள் சொர்ணம்மா. “ஆனா வந்த பெறகு ஏக்தம் நிம்மதி, முழு நிம்மதி. நங்கூரம் போட்ட கப்பல் மாதிரி நெஞ்சு அசையாம நிக்கும்.”

சந்திரமதியைக் குழந்தையிலிருந்து தெரியும் என்பதால் அவள் ‘டாக்டரம்மா’ என்று அழைப்பதில்லை.

இயக்குநர் ஒருநாள் சந்திரமதியை அறைக்கு அழைத்தார். மேஜையில் அவளுடைய ஆய்வறிக்கை இருந்தது. அதன் மேலட்டையை மட்டும் அவர் மிகவும் கவனமாகப் படித்திருந்தார்.

“‘அடினோசின் சமிக்ஞையும் நோயும்’. ரொம்ப நல்லா இருக்கு மேடம். நான் எப்பவும் தலைப்போட நிறுத்திக்குவேன். உள்ள போனா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா நிர்வாகம் பண்ண முடியாது. சொல்லுங்க, இது நம்ம தீவுல எத்தனை பேருக்கு இருக்கு?”

“எல்லாருக்கும் இருக்கு சார்.”

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். “எல்லாருக்குமா?”

“ஆமா சார். இது இல்லாம யாருமே...”

“நூறு சதவீதம்! இவ்வளவு நாளா இதை ஏன் ரிப்போர்ட் பண்ணலை?”

“இது நோய் இல்லை சார். உடம்புல இயல்பா இருக்கறது. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு.”

“எனக்கா?” அவர் முகம் வெளிறியது. “எனக்கு எப்படி இருக்கும்? நான் மெயின்லேண்ட்ல இருந்து வந்தவன். வந்து ரெண்டு வருஷம்தானே ஆகுது?”

“அங்கேயும் எல்லாருக்கும் இருக்கு சார்.”

“அது அவங்க டைரக்டர் பாடு. நான் என் எல்லைக்குள்ள மட்டும்தான் பேசுவேன். சரி, இது வந்தா என்ன ஆகும்?”

சந்திரமதி பொறுமையாக விளக்கினாள். விளக்கத்திலிருந்து ‘தூக்கம்’, ‘இதயம் நிற்பது’ ஆகிய இரண்டை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். “இதைத் தடுக்க என்ன வழி?” என்று கேட்டபோது அவள் ஒரு தவறு செய்தாள். உண்மையைச் சொன்னாள்.

“தடுக்க வேண்டியதில்லை சார். காபி குடிச்சா கொஞ்ச நேரத்துக்கு அது போய் ஒட்டற இடத்தைக் காபி அடைச்சுக்கும். அதனாலதான் காபி குடிச்சா தூக்கம் வராது.”

இயக்குநர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நோயும் கிடைத்தது, மருந்தும் கிடைத்தது. வேறொரு மையமாக இருந்தால் இதற்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அடுத்த வாரம் சந்திரமதிக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, ‘அடினோசின் இல்லாத அந்தமான்’ இயக்கத்தின் அறிவியல் ஆலோசகராக அவளை நியமித்தது. மற்றொன்று, தீவு மக்கள் அனைவரும் பாதிக்கப்பட்டிருப்பதை இதுவரை மறைத்து வைத்திருந்ததற்கு விளக்கம் கேட்டது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தவர் ஏ.ஓ. என்ற நிர்வாக அதிகாரி சுரேந்தர். அவரும் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். சந்திரமதிக்குப் பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்தவர்.

“ரெண்டையும் ஒரே நாள்ல எப்படி அனுப்பினீங்க சுரேந்தர் அண்ணா?”

“ரெண்டும் வேற வேற செக்‌ஷன்மா,” என்றார் சுரேந்தர். “ஒண்ணு பாராட்டு செக்‌ஷன், ஒண்ணு தண்டனை செக்‌ஷன். அதுக ரெண்டும் பேசிக்கிட்டா ஆபீஸ் நடக்காது. நீ டென்ஷன் ஆகாத. பதில் எழுது, நானே ஃபைல்ல போட்டு மூடிடறேன்.”

இயக்கம் வேகமாக நடந்தது. ‘அடினோசின் சிக்னல் கட்டுப்பாடு’ என்று தலைப்பிட்ட கோப்பு, சிக்னல் என்ற சொல் இருந்ததால் தொலைத்தொடர்பு அலுவலகத்துக்குப் போனது. அந்தப் பெயரில் தங்களுக்கு எந்தக் கோபுரமும் இல்லை என்றும், ஹேவ்லாக்கில் மழைக்காலத்தில் எந்த சிக்னலும் கிடைப்பதில்லை என்றும் அங்கிருந்து பதில் வந்தது. ‘ஹேவ்லாக்கில் அடினோசின் சிக்னல் இல்லை’ என்று அதைப் புரிந்துகொண்ட இயக்குநர், ஹேவ்லாக்கை முதல் அடினோசின் இல்லாத தீவாக அறிவித்தார். அங்கிருந்த ரிசார்ட்டுகள் அதைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டன.

மையத்துக்குள்ளேயும் ஒழுங்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டாவி விடும் ஊழியர்கள் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதப்பட்டார்கள். காபி மருந்தாக அறிவிக்கப்பட்டதால் கேன்டீனில் அதை விற்பது குற்றமாயிற்று. கேன்டீன் நடத்திய பிஸ்வாஸ், காபித்தூள் டப்பாக்களை மருந்துக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு, மருத்துவர் சீட்டு கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும் ஊற்றிக் கொடுத்தார். சீட்டு எழுதும் மருத்துவர் விடுப்பில் இருந்ததால் யாருக்கும் காபி கிடைக்கவில்லை. பிற்பகலில் மையம் முழுக்கத் தூங்கியது. பாதிப்பு எவ்வளவு தீவிரம் என்பதற்கு அதுவே சான்றாக அறிக்கையில் சேர்க்கப்பட்டது.

சந்திரமதி இயக்குநரிடம் போய்ச் சண்டை போட்டாள். அடினோசின் இல்லாமல் ஒரு செல்லும் உயிரோடு இருக்காது, இதை ஒழிப்பதென்றால் மனிதரை ஒழிக்க வேண்டும் என்றாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“மேடம், உங்க கருத்தை மதிக்கிறேன். உங்க ரத்த சாம்பிள் எல்லாம் கீழ அந்தப் பெரிய ஃப்ரீசர்லதானே இருக்கு?”

“ஆமா சார்.”

“நம்ம இயக்கத்தோட வெற்றி விழா அன்னிக்கு ஹாலுக்கு ஏசி போடணும். கரன்ட் போதாது. எதை அணைக்கலாம்னு சுரேந்தர் கேட்டுக்கிட்டிருக்கார். உங்க ஃப்ரீசரைத் தொட வேண்டாம்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். சொல்லி வச்சது அப்படியே இருக்கணும்னுதான் என் ஆசையும்.”

அந்தக் குளிர்பெட்டியில் மூன்று ஆண்டு உழைப்பு இருந்தது. மீனவர்கள், கப்பலில் மூட்டை இறக்குகிறவர்கள், சொர்ணம்மா என்று எத்தனையோ பேர் ‘உனக்காகத்தான் மதி’ என்று நீட்டிய கை அதில் இருந்தது. சந்திரமதி வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது, எதிரே கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் உதயா போன் செய்தான். அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற இளைஞன். அவளுடைய ஆய்வுக்கு நோயாளிகளை அனுப்பி வைக்கிறவன்.

“மேடம், உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு வேன் வந்து எங்க ஸ்டோர்ல இருந்த அடினோசின் ஊசி மருந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுச்சு. ஒழிப்பு இயக்கமாம், ஆர்டர் காட்டறாங்க. ப்ரைவேட் மெடிக்கல் ஷாப்லயும் எடுத்துட்டாங்களாம். நாளைக்கு யாராவது நெஞ்சு படபடப்போட வந்தா நான் என்ன பண்றது?”

சந்திரமதி சுரேந்தரிடம் ஓடினாள்.

“விழா முடிஞ்சதும், டெல்லியில இருந்து வர்ற தலைமை விருந்தினர் கையால கடல்ல கொட்டறதா பிளான்,” என்றார் அவர். “ஆனா கடல்ல கொட்ட ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் விடமாட்டேங்குது. பவளப்பாறை கெட்டுப் போயிடுமாம். அதனால ஒரு பக்கெட்ல கடல் தண்ணி கொண்டாந்து மேடைலயே வச்சுக்கறோம். அதுல கொட்டினா கடல்ல கொட்டின கணக்குதான்.”

“அண்ணா, அது உயிர் காக்கிற மருந்து.”

“தெரியும்மா. எங்க அத்தைக்கே போட்டிருக்காங்க.” சுரேந்தர் குரலைத் தணித்தார். “ஆனா நான் அத்தைக்கு மருமகனா கையெழுத்துப் போடறதில்லையே. ஏ.ஓ.வாத்தானே போடறேன்.”

விழாவில் அடினோசினிலிருந்து விடுபட்ட முதல் தீவுவாசி என்று மேடையேற்ற ஓர் ஆள் வேண்டும். சந்திரமதிக்கு ரத்தம் கொடுத்தவர்களிலிருந்து சொர்ணம்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சந்திரமதி கடைக்குப் போய், போக வேண்டாம் என்று கெஞ்சினாள்.

“நீ சொல்றது வாஸ்தவம்தான்,” என்றாள் சொர்ணம்மா, மாவைக் கரண்டியால் அடித்துக்கொண்டே. “ஆனா கடைய எடு எடுன்னு வாரா வாரம் ஒருத்தன் வந்து நிக்கிறான். டெல்லி ஆபீசரோட ஒரு போட்டோ எடுத்து இங்க மாட்டுனேன்னா ஒரு பயலும் கிட்ட வரமாட்டான். அரை மணி நேரம் பல்லக் காட்டிட்டு வந்துர்றேன். கோயி பாத் நஹி, ஒண்ணும் ஆயிடாது.”

“அங்க என்ன குடுத்தாலும் குடிக்காதீங்க அக்கா. முக்கியமா காபி.”

“ஆபீசர் கையால குடுக்குறத வேணாம்னு எப்படிப் புள்ள சொல்றது?”

மறுநாள் காலை மையத்தின் அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பறிமுதல் செய்யப்பட்ட மருந்துக் குப்பிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பெட்டியின் மேல் ‘எதிரி’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் செவ்வந்தி மாலை சுற்றிய நீலப் பிளாஸ்டிக் பக்கெட், கடல் நீருடன். தலைமை விருந்தினர் டெல்லியிலிருந்து விடிகாலை விமானத்தில் வந்திருந்தார். அவருக்கு நினைவுப் பரிசாகத் தருவதற்குப் படாக் மரத்தில் செதுக்கிய கனமான கப்பல் ஒன்று மேஜையில் இருந்தது. சட்டம் வலியுறுத்தியதால், டாக்டர் உதயாவும் ஒரு ஆம்புலன்ஸும் அரங்கத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

அடினோசின் இல்லை என்று சான்றளிக்கும் முறையை இயக்குநரே வகுத்திருந்தார். மூன்று டம்ளர் கெட்டியான காபி டிகாக்‌ஷன் குடித்துவிட்டு, அவருடைய உரை முடியும்வரை கண் மூடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சொர்ணம்மா ஒவ்வொரு டம்ளராக வாங்கிக் குடித்தாள். மூன்றாவதைக் குடிக்கும்போது முகம் கோணியது. ஆனால் போட்டோ எடுக்கிறார்கள் என்பதால் சிரித்தாள்.

இயக்குநர் பேசத் தொடங்கினார்.

“பெருமக்களே, ஒரு நோயை ஒழிப்பது கஷ்டம் என்று சிலர் சொல்கிறார்கள். நோயாளிகளை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் கஷ்டம்தான். நாங்கள் இலக்கை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். இலக்குக்கு மூச்சு வாங்காது, இருமல் வராது, ராத்திரியில் போன் செய்யாது. நான் பதவியேற்றபோது இந்தத் தீவில் அடினோசின் பற்றி ஒருவருக்கும் தெரியாது. இன்று எல்லோருக்கும் பயம் இருக்கிறது. இதுதான் விழிப்புணர்வு. விஞ்ஞானிகள் சிலர் கேள்வி கேட்டார்கள். கேள்வி கேட்பது அவர்கள் கடமை. கேட்காமல் இருப்பது என் கடமை. இருவரும் அவரவர் கடமையைச் செய்தோம்.”

தலைமை விருந்தினர் தூங்கிவிட்டார். தலை மெல்லச் சரிந்து, வாய் திறந்து, லேசான குறட்டையும் வந்தது. தூக்கம் பாதிப்பின் அடையாளம் என்பதால் அரங்கத்தில் ஒருவரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. போட்டோக்காரர்கூடக் கேமராவைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார். சொர்ணம்மா மட்டும் கண்ணை அகல விழித்து உட்கார்ந்திருந்தாள். உரை முடிந்தது. கைதட்டலுக்கு நடுவே இயக்குநர் அவளிடம் சான்றிதழைக் கொடுத்தார்.

அதை வாங்க எழுந்தவள் அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழுத்து நரம்பு துடிப்பது முன்வரிசையிலிருந்தே தெரிந்தது.

“மதி...” என்றாள்.

சந்திரமதி மேடைக்கு ஓடினாள். மணிக்கட்டைப் பிடித்தால் எண்ணவே முடியவில்லை. விரலுக்கடியில் ஏதோ பூச்சி படபடப்பது போல இருந்தது. உதயா இதயத்துடிப்பைக் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையிலேயே அவளைப் படுக்க வைத்து ஒயர்களை ஒட்டினான். பச்சைக் கோடு நெருக்கமாகக் குதித்து ஓடியது. துடிப்பைத் தணிக்க மூச்சை அடக்கி முக்கச் சொன்னார்கள், பக்கெட் தண்ணீரில் துணி நனைத்து முகத்தில் வைத்தார்கள். ஓட்டம் நிற்கவில்லை.

“பிரஷர் எறங்குது மேடம்,” என்றான் உதயா. “என் கிட்ட இருக்கற வேற மருந்து போட்டா இன்னும் எறங்கிடும். ஷாக் குடுக்கற மெஷின் ஆஸ்பத்திரில இருக்கு. ரோட்ட வி.ஐ.பி.க்காக அடைச்சு வச்சிருக்காங்க.”

இருவரும் ஒரே நேரத்தில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்கள்.

சந்திரமதி இயக்குநரிடம் போனாள். “சார், சாவி.”

“எதுக்கு?”

“அந்த மருந்து வேணும். அவங்க இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர்றது அதுதான்.”

இயக்குநர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். “மேடம், இப்பத்தான் அந்த அம்மாவுக்கு அடினோசின் இல்லைன்னு சர்டிபிகேட் குடுத்திருக்கேன். மை கூட காயலை. உடனே நீங்க அதையே உள்ள ஏத்தினா சர்டிபிகேட்டுக்கு என்ன மரியாதை?”

“சர்டிபிகேட்டுக்கு ஒண்ணும் ஆகாது சார். அவங்களுக்கு ஆயிடும்.”

“அப்படியே ஏதாவது ஆனாலும் அடினோசின் இல்லாம ஆனதாத்தானே ரெக்கார்ட்ல வரும்? யோசிச்சுப் பாருங்க. உங்க ஃப்ரீசரையும் சேர்த்து யோசிங்க.”

சந்திரமதி யோசித்தாள். மூன்று ஆண்டுகள் ஒருமுறை கண்முன் வந்தன. பிறகு மேஜையிலிருந்த படாக் கப்பலை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் போட்டாள். அந்தச் சத்தத்தில் தலைமை விருந்தினர் விழித்து, பழக்கத்தில் கை தட்டினார்.

“எச்சரிக்கை, எதிரி வெளியே வந்துவிட்டது!” என்று இயக்குநர் மைக்கில் கூவினார். பின்வரிசைகள் காலியாகின.

உதயா முதல் ஊசியைப் போட்டான். பச்சைக் கோடு கண்டுகொள்ளவே இல்லை.

“காபி,” என்றாள் சந்திரமதி. “மூணு டம்ளர் குடிச்சிருக்காங்க. மருந்து ஒட்ட வேண்டிய இடத்தையெல்லாம் காபி பிடிச்சு வச்சிருக்கு. அளவைக் கூட்டு.”

“போட்டுடலாமா?”

“போடு. நான் சொல்றேன்.”

 சொர்ணம்மாவின் விரல்கள் சந்திரமதியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டன. ஊசி உள்ளே போயிற்று. பச்சைக் கோடு ஒருமுறை தடுமாறி, நேராகப் படுத்துவிட்டது.

மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று உதயாவுக்கும் சந்திரமதிக்கும் தெரியும். இயக்குநருக்குத் தெரிந்தது, நேர்கோடு என்றால் மரணம் என்பது மட்டும். அவர் அனுபவசாலி, இத்தகைய நேரங்களில் பேச்சைத் தாமதிக்கக் கூடாது என்று அறிந்தவர்.

“பெருமக்களே! நம் கண் முன்னால் அடினோசின் ஓர் உயிரைக் குடித்துவிட்டது. நாம் ஏன் போராடுகிறோம் என்பதற்கு இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்? அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோம்.”

மிச்சமிருந்தவர்கள் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். தலைமை விருந்தினரும் நின்றார்.

அந்த மௌனத்தில் கருவி ‘டிக்’ என்றது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு ‘டிக்’. பிறகு நிதானமாக, சீராக அது எண்ணத் தொடங்கியது. சொர்ணம்மா பெருமூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தாள். தன்னைச் சுற்றி எல்லோரும் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“க்யா ஹுவா? என்னாச்சு? யாரு செத்தது?” என்று கேட்டாள்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. அஞ்சலி இன்னும் முடியவில்லை.

சந்திரமதி மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். சிரிக்கவும் செய்தாள். உதயா மிச்சமிருந்த குப்பிகளைக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவிலிருந்து பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். சொர்ணம்மா தலைமை விருந்தினரை விடாமல் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏறினாள்.

அதன் பிறகு மையத்திலிருந்து சந்திரமதிக்குத் தொடர்ந்து கடிதங்கள் வந்தன. சான்றளிக்கப்பட்ட ஒருவருக்கு அடினோசினைத் திரும்பத் தொற்றவைத்தது ஏன் என்றது ஒன்று. பெட்டியிலிருந்து எடுத்த அரசுச் சொத்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றது இன்னொன்று. அது ரத்தத்தில் சில நொடிகளில் கரைந்து மறைந்துவிடும் என்று அவள் பதில் எழுதினாள். அரசுச் சொத்து சில நொடிகளில் மறைய வழியில்லை, அதற்கு முறையான நடவடிக்கை உண்டு என்று மறுகடிதம் வந்தது. குளிர்பெட்டியை அணைக்கச் சொல்லி சுரேந்தருக்கு உத்தரவு வந்தது. அவர் அதை ஒழுங்காக நிறைவேற்றி, ‘அணைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அணைத்தது தன் அறையிலிருந்த ஏசியை. வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தவரைச் சந்திரமதி கேள்வியோடு பார்த்தபோது, “எதை அணைக்கணும்னு ஆர்டர்ல தெளிவா இல்லம்மா,” என்றார்.

விழாவையே வெற்றியென்று எழுதியனுப்பிய இயக்குநருக்கு மூன்றாவது கேடயமும் வந்தது. தீவுகள் முழுவதும் அடினோசின் இல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. இல்லாத ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி எதற்கு என்று சந்திரமதியின் திட்டம் மூடப்பட்டது. இல்லாத ஒன்றை வாங்குவது எப்படி என்று ஆஸ்பத்திரிக்கும் மருந்து வரவில்லை. உதயாவின் சட்டைப்பையில் இருந்த குப்பிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஹேவ்லாக்கிலிருந்து படகில் வந்த ஓர் ஆளைக் கடைசிக் குப்பியால் காப்பாற்றிவிட்டு அவன் சந்திரமதியிடம் வந்து உட்கார்ந்தான். காலிக் குப்பியை மேஜைமேல் வைத்தான்.

சந்திரமதி அன்று புதிய திட்டம் ஒன்று எழுதினாள். அதில் அடினோசின் என்ற சொல் எங்கும் இல்லை. அதே பொருளுக்கு வேதியியல்காரர்கள் வைத்திருக்கும் நீளமான பெயர் இருந்தது: அமினோ ரைபோஃபுரானோசில் பியூரின். ‘அமினோ ரைபோஃபுரானோசில் பியூரின்: இதய அமைதிக்கு ஒரு வழி’ என்று தலைப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கு அதே பெயரில் மருந்து வாங்கவும், நிறுத்திய ஆய்வைத் தொடரவும் அனுமதி கேட்டிருந்தாள்.

இயக்குநர் தலைப்பை இரண்டு முறை படித்தார். உச்சரித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“இதுதான் மேடம் நிஜமான சயின்ஸ். பேரைக் கேட்டாலே மரியாதை வருது. அந்தப் பழைய சனியனை விட்டு நீங்க வெளியே வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். இது கெடுதல் எதுவும் பண்ணாதே?”

“அளவோட இருந்தா உயிரைக் காப்பாத்தும் சார்.”

“அப்ப ஏன் அளவு? நம்ம தீவுல ஒருத்தர்கூட இது இல்லாம இருக்கக் கூடாது. குழந்தையில இருந்து கிழவர் வரைக்கும் எல்லாருக்கும் போய்ச் சேரணும். இதை ஒரு இயக்கமாவே எடுத்துடலாம்.” அவர் சுரேந்தரை அழைத்தார். “எவ்வளவு சீக்கிரம் நூறு சதவீதம் கொண்டு வர முடியும்?”

சுரேந்தர் சந்திரமதியைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“இன்னிக்கே முடிச்சிடலாம் சார்,” என்றார்.

அடுத்த கப்பலில் மருந்துப் பெட்டிகள் ஹேடோவில் வந்து இறங்கின. ஆனால் அதற்கு முன்பே, இயக்குநர் கேட்ட அன்று மாலையிலேயே, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் ஒவ்வொருவர் உடம்பிலும் அமினோ ரைபோஃபுரானோசில் பியூரின் இருப்பதாக சுரேந்தர் அறிக்கை கொடுத்துவிட்டார். அந்த மையம் அதுவரை வெளியிட்ட அறிக்கைகளில் முழுக்க உண்மையாக அமைந்தது அது ஒன்றுதான்.